பர்மிங்ஹாம் நியூமன் பிரதர்ஸ்: சவப்பெட்டிக்குக் கைப்பிடி செய்த குடும்பம் ஏன் பட்டறையை மூடியது?

கால்வாய்க்கரை:

நம் மன்றத்தின் இந்தப் பகுதியில் நூற்பாலை, தீப்பெட்டி, சோடா கம்பெனி என்று எத்தனையோ குடும்பத் தொழில்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். சாவுச் சாமான் செய்த குடும்பம் பற்றி ஒரு இழைகூட இல்லை. அதனால் தொடங்குகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில். நகைப் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஜுவல்லரி குவார்ட்டர் பகுதியின் ஓரத்தில் ஃப்ளீட் தெரு. அங்கே பெரிய சன்னல்கள் வைத்த பழைய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. நியூமன் பிரதர்ஸ் கம்பெனி நடந்த இடம். ஆல்ஃபிரட் நியூமன், எட்வின் நியூமன் என்ற சகோதரர்கள் 1882-ல் பித்தளை வார்ப்புத் தொழிலாக ஆரம்பித்தார்கள். முதலில் மேசை, அலமாரிக்கான பித்தளைச் சாமான்கள். அப்புறம் சவப்பெட்டிச் சாமான் பக்கம் முழுதாகத் திரும்பினார்கள். 1894-ல் இந்தக் கட்டடத்துக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே எட்வின் விலகிக்கொண்டார். ஆல்ஃபிரட் 1933-ல் இறக்கும்வரை நடத்தினார். பிறகு மகன்கள் ஹோரஸ், ஜார்ஜ் கைக்குப் போனது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்கள் சவப்பெட்டி செய்தவர்கள் இல்லை. பெட்டியில் பொருத்துகிற எல்லாவற்றையும் செய்தார்கள். கைப்பிடி, இறந்தவர் பெயர் பொறிக்கும் நெஞ்சுத் தகடு, சிலுவை, மூலைப் பூ வேலை, அலங்காரத் திருகாணி, உள்ளே விரிக்கும் துணி, உடலுக்கு உடுத்தும் அங்கி. ஊர் ஊராக இருந்த தச்சர்களும் அடக்க ஏற்பாட்டாளர்களும் விலைப்பட்டியல் பார்த்து இவர்களிடம் வாங்கினார்கள். 1914-ல் இறந்த பர்மிங்ஹாம் அரசியல்வாதி ஜோசப் சேம்பர்லினின் பெட்டிக்கும், 1965-ல் வின்ஸ்டன் சர்ச்சிலின் பெட்டிக்கும் சாமான் போனது இங்கிருந்துதான்.

1998-ல் மூடிவிட்டார்கள். இப்போது 'காஃபின் ஒர்க்ஸ்' என்ற பெயரில் அருங்காட்சியகம். உள்ளே போனால் சாமான் அறையில் தரையிலிருந்து கூரைவரை மரத் தட்டுகள். பழுப்புக் காகிதத்தில் கட்டிய கைப்பிடிப் பொட்டலங்கள் விற்காமலே இருக்கின்றன. பெயர் எழுதாத தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சுற்றிலும் பூக்கொடி வேலை, நடுவில் வழவழவென்று வெற்றிடம்.

என்னைக் குடைகிற கேள்வி இதுதான். பிரிட்டனில் இன்றும் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் சாகிறார்கள். வாடிக்கையாளர் குறையாத தொழில் 116 ஆண்டுகளில் எப்படி நின்றது? தகனம்தான் காரணம் என்பது என் எண்ணம். மற்றவர்கள் சொல்லுங்கள்.

பவுண்டரிப்பையன்:

அருமையான இழை சார். எங்கள் குடும்பம் கோவையில் வார்ப்புப் பட்டறை. காரணம் எதுவோ, எனக்கு முதலில் வேலை எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். கைப்பிடி வார்ப்பா, தகட்டை அடித்து எடுத்ததா? தகடு எத்தனை மெல்லிசு? அடிக்கிற அச்சு, அதாவது டை, அப்படியே இருக்கிறதா?

கால்வாய்க்கரை:

இரண்டும் உண்டு. கனமான கைப்பிடிகள் மணல் அச்சில் ஊற்றிய பித்தளை வார்ப்பு. நெஞ்சுத் தகடு, மூலைச் சாமான் எல்லாம் தகட்டை அடித்து எடுத்தவை. அதற்கென்று தனி அறையே இருக்கிறது, கட்டடத்தின் பின்பக்கம். டைகள் அப்படியே இருக்கின்றன.

ட்ராப் ஸ்டாம்ப் என்ற யந்திரம் வரிசையாக நிற்கும். கீழே எஃகு டை, அதில் பூக்கொடி, தேவதை, சிலுவை எல்லாம் குழிவாக வெட்டியிருக்கும். மேலே இரண்டு தண்டவாளம் போன்ற தூண்களுக்கு நடுவே பெரிய இரும்புச் சம்மட்டித் தலை. மேலே ஓடும் தண்டில் சுற்றிய பட்டையை ஆள் இழுத்தால் தலை மேலே ஏறும். விட்டால் விழும். எவ்வளவு உயரத்திலிருந்து விடுவது என்பது முழுக்க அடிக்கிறவர் கைக்கணக்கு. ஓங்கி விழுந்தால் தகடு கிழியும், குறைந்தால் உருவம் எழும்பாது.

அருங்காட்சியகத்தில் அதை இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள். ஒரு அடிதான், தரை அதிர்வது காலில் தெரிந்தது. நாள் முழுக்க அந்த வரிசை மொத்தமும் ஓடியபோது அறைக்குள் யாருக்கும் யார் பேசியதும் கேட்டிருக்காது.

பவுண்டரிப்பையன்:

ஒரே அடியில் ஆழமான வேலை வராது சார். பித்தளை அடிக்க அடிக்க இறுகும். இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை உலையில் போட்டுச் சிவக்கக் காய்ச்சி இளக்க வேண்டும். காய்ச்சினால் மேலே கறுப்பு ஏறும், அதை அமிலத் தொட்டியில் முக்கி எடுத்துக் கழுவ வேண்டும். மறுபடி டையில் வைக்க வேண்டும், இம்மி பிசகாமல் அதே இடத்தில். கொஞ்சம் நகர்ந்தால் பூவுக்கு இரண்டு விளிம்பு வந்துவிடும். அப்புறம் கை பிரஸ்ஸில் ஓரம் வெட்டி, ஓட்டை போட்டு, பஃபிங் சக்கரத்தில் தேய்த்து, முலாம் தொட்டிக்குப் போகும். முலாம் போட்டால் மேலே லாக்கர் என்ற வார்னிஷ் பூச்சு.

சாதாரணத் தகடு என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதன்மேல் குறைந்தது ஏழெட்டுப் பேர் கை பட்டிருக்கும். முலாம் அறை வேலைதான் மோசமானது. அந்தக் காலத்தில் சயனைடு உப்புக் கரைத்த தொட்டிகள். புகைபோக்கி வசதியெல்லாம் பெயரளவுக்குத்தான் இருந்திருக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். இத்தனை வேலையும் செய்து, சாமான் வெளியே தெரிகிற நேரம் மொத்தம் இரண்டு மூன்று நாள். பிறகு மண்ணுக்குள். திரும்பப் பழுதுக்கு வராத, மாற்று உதிரி கேட்காத சாமான் உலகத்தில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் டை வெட்டியவன் தேவதையின் இறகுக்கு இறகு கோடு போட்டிருக்கிறான். அந்த மனிதனை நான் கும்பிடுகிறேன்.

பழங்கணக்கு:

கால்வாய்க்கரை கேட்ட கேள்விக்குப் பதில் தேட, அந்தச் சாமானை யார், எதற்காக வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். பணக்காரர்கள் வாங்கியது புரிகிறது. ஏழைகள் ஏன் வாங்கினார்கள்?

1832-ல் பிரிட்டனில் உடற்கூறு சட்டம் வந்தது. மருத்துவப் பள்ளிகளுக்கு அறுக்கச் சடலம் தேவை. ஆதரவற்றோர் விடுதியில் இறந்து, யாரும் கேட்டு வராத உடல்களை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வழி திறந்தது. இரண்டே ஆண்டில், 1834-ல், புதிய ஏழைகள் சட்டம். உதவி வேண்டுமானால் அந்த விடுதிக்குள் போ என்பது அதன் சாரம். இந்த இரண்டும் சேர்ந்து சாதாரண மக்கள் மனதில் என்ன பயத்தை விதைத்திருக்கும் என்று யோசியுங்கள். வறுமை குற்றமாகிவிட்டது, அந்தக் குற்றத்துக்குத் தண்டனை செத்த பிறகும் தொடரும். ஊர்ச் செலவில் அடக்கம் என்றால் மெல்லிய பலகைப் பெட்டி, பெயர்த் தகடு கிடையாது, பலரோடு ஒரே குழி.

அதனால்தான் பட்டினி கிடந்தாவது வாரத்துக்கு ஒரு பென்னி அடக்கச் செலவுக்காகக் கட்டினார்கள். ஊர்தோறும் அடக்கச் சங்கங்கள் இருந்தன. புருடென்ஷியல் கம்பெனி 1854-ல் தொழிலாளர் காப்பீட்டைத் தொடங்கி, வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பி அந்தப் பென்னியை வசூலித்தது. அந்தப் பணம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று பர்மிங்ஹாம் பித்தளைப் பட்டறைகள். நியூமன் குடும்பம் 1882-ல் தொடங்கியபோது இந்தச் சந்தை நன்றாக விளைந்து கிடந்தது.

அங்கி விஷயத்திலும் ஒரு வரலாறு உண்டு. 1660-களிலும் 70-களிலும் பிணத்துக்குக் கம்பளித் துணிதான் உடுத்த வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் போட்டார்கள். கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்றத்தான். மீறினால் 5 பவுண்டு அபராதம், அந்தக் காலத்தில் பெரிய தொகை. அதை முறைப்படி நீக்கியதே 1814-ல்தான்.

வரவுசெலவு:

பழங்கணக்கு சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதற்கு மறுபக்கம் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவன் பேரம் பேசமாட்டான். அவன் பயத்தை வைத்துப் பிழைத்த தொழில் இது. 1843-லேயே பொதுச் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் நகரப் புதைப்புகள் பற்றி அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், ஏழைக் குடும்பங்கள் சக்திக்கு மீறி அடக்கச் செலவு செய்வதை விலாவாரியாக எழுதினார். வீட்டில் சோற்றுக்கு வழியில்லாத விதவை, இருக்கிற காசைப் பித்தளைக்குக் கொடுக்கிறாள். அதையும் மறுநாள் மண்ணில் போடுகிறார்கள். டை வெட்டியவரின் கலையை மதிக்கிறேன். ஆனால் தொழில் செத்ததற்காக எனக்கு வருத்தம் இல்லை.

காரணத்துக்கு வருகிறேன். தகனம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. தகனம் பிரிட்டனில் 1885-ல், லண்டனுக்கு வெளியே வோக்கிங்கில் தொடங்கியது. முதல் ஆண்டில் மூன்றே மூன்று பேர். சட்டம் 1902-ல். பர்மிங்ஹாமிலேயே பெர்ரி பார் தகனக்கூடம் 1903-ல் வந்துவிட்டது. புதைப்பதைவிட எரிப்பது அதிகமானது 1968 வாக்கில். நியூமன் மூடியது 1998. திடீரென்று இடி விழவில்லை. தொண்ணூறு ஆண்டுக்கும் மேல் அவகாசம் இருந்தது.

நாஞ்சில்மேரி:

வரவுசெலவு அண்ணனுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்துக்கு நாகர்கோவில் பக்கம் சவப்பெட்டித் தொழில். பாட்டா தொடங்கியது, அப்பா நடத்தினார், இப்போது தம்பி.

துக்கத்தில் வருகிறவர்களை ஏமாற்றுகிற கடைகள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்குகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பயத்தில் வாங்குகிறார்கள் என்று நீங்கள் சொல்வது சரியில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கடற்கரை ஊரிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். மகன் கடலில் போய்விட்டான். ரப்பர் மரப் பலகையில் சாதாரணப் பெட்டி போதும் என்றார்கள். உள்ளே வெல்வெட் வேண்டாம், லேஸ் வேண்டாம். கைப்பிடி மட்டும் பித்தளையில் வேண்டும் என்று கேட்டார்கள். பெட்டி வீட்டை விட்டு இறங்கும்போது ஊரே பார்க்கும், அவன் சகாக்கள் கை வைத்துத் தூக்குவார்கள், அந்த இடத்தில் குறை இருக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. எங்கே செலவழிக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று அந்த அம்மாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்பா அன்றைக்குக் கைப்பிடிக்கு அசல் விலைதான் வாங்கினார். கல்லறைத் தோட்டத்தில் குழிக்குப் பக்கத்தில் சிலர் வந்து, "அதைக் கழற்றிக் கொடுத்திடுங்க, வீட்டுக் கதவுக்கு ஆகும்" என்று கேட்பது உண்டு. அப்பா ஒருநாளும் ஸ்க்ரூட்ரைவரை அங்கே கொண்டு போனதில்லை.

வரவுசெலவு:

மேரி அம்மா, உங்கள் அப்பாவைப் போன்றவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. நேரில் முகம் பார்த்து விற்கிற சிறு வியாபாரி வேறு. பர்மிங்ஹாமில் விலைப்பட்டியல் அச்சடித்து நாடு முழுக்க அனுப்பிய பட்டறை வேறு. நெஞ்சுத் தகட்டிலேயே வகைவகையாகத் தரம் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் நிக்கல் முலாம் போட்டான், நாம் தகரத்தோடு நிற்கலாமா என்று நினைக்க வைத்தார்கள். அதைத்தான் சொல்கிறேன்.

பழங்கணக்கு:

படிநிலை இருந்தது உண்மை. ஆனால் அதை உருவாக்கியது அரச குடும்பமும் மேல்தட்டும். 1852-ல் வெலிங்டன் பிரபுவுக்கு நடந்த ஊர்வலம், 1861-ல் ஆல்பர்ட் இளவரசர் இறந்த பிறகு விக்டோரியா அரசி ஆயுள் முழுக்கக் கறுப்பு உடுத்தியது, இவையெல்லாம் அடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று நாட்டுக்கே வகுப்பு எடுத்தன. இங்கிலாந்தின் விட்பி ஊரில் கிடைத்த கறுப்புக் கல்லில் துக்க நகை செய்து ஒரு ஊரே பிழைத்தது.

அதே மாதிரி, ஆடம்பரம் இறங்கியதும் மேலிருந்தும் வெளியிலிருந்தும்தான். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்று 1915-ல் பிரிட்டன் தடை போட்டது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் பெட்டியும் இல்லை, கைப்பிடியும் இல்லை, குழிகூடக் கண்ணில் படவில்லை. மகனைப் பிரான்சு மண்ணில் பெட்டியில்லாமல் விட்டவர்கள், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஆறு குதிரை வண்டி பூட்டுவதைப் பார்த்து எப்படி முகம் கொடுப்பார்கள்? பிரிட்டிஷ் அடக்கம் எளிமையானதற்கு அந்தப் போர் பெரிய காரணம். ஆல்ஃபிரட் நியூமன் உயிரோடு இருக்கும்போதே அடித்தளம் ஆட ஆரம்பித்துவிட்டது என்று நான் சொல்வேன்.

கால்வாய்க்கரை:

இந்தக் கோணம் மிகவும் சரியாக இருக்கிறது. தகனத்தைப் பற்றி நான் சொன்னதற்கு ஒரு விளக்கம் சேர்க்கிறேன். எரிக்கிற பெட்டியில் தேவையான ஆணி, திருகாணி தவிர உலோகம் கூடாது என்பது தகனக்கூட விதி. அதனால் கைப்பிடி பிளாஸ்டிக்காகிவிட்டது. அச்சில் ஊற்றி, மேலே மெல்லிசாக உலோகப் பூச்சு. பத்தடி தள்ளிப் பார்த்தால் பித்தளைதான். பெட்டியை இங்கே தோளில் சுமப்பதால் கைப்பிடி எடை தாங்க வேண்டியதும் இல்லை. பவுண்டரிப்பையன் சொன்ன ஏழெட்டுப் பேர் வேலையை ஒரு மோல்டிங் யந்திரம் செய்துவிடும்.

ஆக, 1968 என்ற எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. உலோகம் வேண்டாம் என்று ஆன அன்றே ட்ராப் ஸ்டாம்ப் வரிசைக்கு வேலை போய்விட்டது. டை வெட்டுகிறவர், காய்ச்சுகிறவர், முலாம் போடுகிறவர் யாருக்கும் புதிய சாமானில் இடம் இல்லை.

ஆனால் அங்கி தைக்கும் பகுதி கடைசிவரை நடந்தது. மேல்மாடியில் தையல் யந்திர வரிசை, முழுக்கப் பெண்கள். அங்கிக்கு முதுகுப் பக்கம் தைப்பதில்லை. படுத்திருக்கும் உடலுக்கு முன்பக்கமிருந்து போர்த்தி, பக்கவாட்டில் செருகிவிட வசதியாகத் திறந்தே இருக்கும். கழுத்தில் சுருக்கு, நெஞ்சில் லேஸ், கைமுனையில் ரிப்பன். யாரும் தொட்டுப் பார்க்கப் போவதில்லை என்றாலும் சுருக்கங்கள் ஒரே அளவில் இருக்கின்றன.

வரவுசெலவு:

இதைத்தான் எதிர்பார்த்தேன். தொழிலுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, பிளாஸ்டிக் மோல்டிங்கில் துணிந்து முதலீடு போட்டு அந்தச் சந்தையையும் பிடிப்பது. இன்னொன்று, பித்தளை வேலையைக் கதவு, விளக்கு என்று வேறு பக்கம் திருப்புவது. தொடங்கியதே அலமாரிச் சாமானில்தானே, அதற்கே திரும்பியிருக்கலாம். இரண்டையும் போதுமான அளவு செய்யவில்லை. விக்டோரியா காலத்து யந்திரமே 1990-களிலும் நின்றது என்றால், அருங்காட்சியகத்துக்கு அது வரம், கம்பெனிக்கு அது நோய்.

வாங்குகிறவர்கள் பக்கமும் மாறினார்கள். பழைய காலத்தில் வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கான சிறு தச்சர்கள். ஒருவர் போனால் இன்னொருவர். பின்னால் கூட்டுறவு நிறுவனங்கள் அடக்கத் தொழிலில் பெரிதாக வளர்ந்தன. 1994-ல் அமெரிக்காவின் எஸ்.சி.ஐ. என்ற அடக்கச் சேவைக் கம்பெனி பிரிட்டனுக்குள் வந்து இரண்டு பெரிய அடக்க நிறுவனங்களை வாங்கியது. பின்னாளில் அதுதான் டிக்னிட்டி என்ற பெரிய அடக்க நிறுவனம் ஆனது. நூற்றுக்கணக்கான கிளை வைத்திருப்பவன் மொத்தமாக ஆர்டர் கொடுப்பான், அவன் சொல்வதுதான் விலை. ஃப்ளீட் தெருப் பட்டறை அந்த விலைக்கு இறங்க முடியாது. நான் பார்த்த கணக்குகளில் பல குடும்பத் தொழில்கள் விழுந்தது இப்படித்தான். சரக்கு நன்றாகவே இருக்கும், வாங்குகிற ஆள் ஒருவராகச் சுருங்கியிருப்பார்.

நாஞ்சில்மேரி:

இது எங்களுக்கும் நடக்கிறது அண்ணா. எங்கள் பக்கம் முன்பு மரணம் நடந்தால் அன்றே அடக்கம், இல்லையென்றால் மறுநாள். பெட்டி வாங்குவதுதான் முதல் செலவு. இப்போது வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்வரை ஃப்ரீசர் பாக்ஸில் வைக்கிறார்கள். இரண்டு நாள் ஃப்ரீசர் வாடகை, ஆம்புலன்ஸ், பந்தல், நாற்காலி, பூ எல்லாம் ஒரே ஆளிடம் போகிறது. அவரே பெட்டியும் மொத்தமாக எடுத்து வைத்திருப்பார். எங்களிடம் வீட்டார் நேரில் வருவது குறைந்துவிட்டது.

தம்பி இரண்டு ஃப்ரீசர் பாக்ஸ் வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தபிறகுதான் கடை நிமிர்ந்தது. கைப்பிடி இப்போது பூச்சுப் போட்ட பிளாஸ்டிக், அட்டைப் பெட்டியில் ஜோடி ஜோடியாக வருகிறது. அப்பாவுக்கு அது பிடிக்காது. கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவார்.

கால்வாய்க்கரை, குடும்பத்தில் அடுத்த ஆள் இல்லாமல் போனதா? அதைச் சொல்லவே இல்லையே. எங்கள் தொழிலில் பிள்ளைகள் வராததுதான் பெரிய பிரச்சினை. பெண் கொடுக்கக்கூட யோசிக்கிறார்கள்.

கால்வாய்க்கரை:

மேரி அக்கா, அந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கம்பெனியின் கடைசி முதலாளி நியூமன் குடும்பத்தவர் இல்லை. ஜாய்ஸ் கிரீன் என்ற பெண்மணி. 1949-ல் அலுவலகச் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தவர். படிப்படியாக மேலே வந்து, பங்குகள் கைக்கு வந்து, 1989-ல் உரிமையாளரானார். மூடும்போது அங்கே அவருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சர்வீஸ்.

நகர மையத்துக்கு இவ்வளவு பக்கத்தில், கால்வாயை ஒட்டிய இடம். அடுக்குமாடிக் கட்டுகிறவர்கள் சும்மா விடுவார்களா? சாமான்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு இடத்தை விற்றிருந்தால் நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. பட்டறையை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று நின்றார். பர்மிங்ஹாம் பாதுகாப்பு அறக்கட்டளை கூடச் சேர்ந்தது. 2003-ல் பாழடையும் பழைய கட்டடங்களுக்காக பிபிசி நடத்திய போட்டி நிகழ்ச்சியில் இந்தக் கட்டடமும் வந்தது. வெல்லவில்லை, ஆனால் நாடு முழுக்கப் பெயர் தெரிந்தது. நிதி சேர்த்து, செப்பனிட்டு, 2014-ல்தான் திறக்க முடிந்தது. திறப்பு விழாவைப் பார்க்க ஜாய்ஸ் உயிரோடு இல்லை.

டைகளும், விற்காத பொட்டலங்களும், தேநீர்க் கோப்பைகளும்கூட இன்றைக்கு இருப்பதற்கு அவர்தான் காரணம். ரத்த உறவு இருந்தால்தான் குடும்பத் தொழிலை மதிப்பார்கள் என்று நம் ஊரில் நினைக்கிறோம். இங்கே ஊழியராக வந்த பெண் அந்தப் பெயரை வாரிசைவிட மேலாகக் காப்பாற்றியிருக்கிறார்.

பவுண்டரிப்பையன்:

இதைப் படித்துவிட்டு எங்கள் அப்பாவிடம் காட்டினேன். எங்கள் பட்டறைக் கணக்கர் அக்காவும் என் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறவர்தான். எந்தப் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி, எந்த அலமாரியில் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லி அப்பா இன்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

வரவுசெலவு சாருக்கு ஒரு வார்த்தை. முதலீடு போட்டிருக்கலாம் என்பது காகிதத்தில் சரி. சம்மட்டி அடித்துப் பழகிய ஐம்பது வயது ஆளை மோல்டிங் யந்திரத்துக்கு மாற்ற முடியாது. அவரை அனுப்பிவிட்டுத்தான் அந்த யந்திரத்தை வைக்க முடியும். சில முதலாளிகளுக்கு அது மனசு வராது. நியூமனில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

வரவுசெலவு:

அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மனசு வராமல் இழுத்துக்கொண்டே போனால், கடைசியில் எல்லோரையும் ஒரே நாளில் அனுப்ப வேண்டியிருக்கும். நூறு பேர்வரை வேலை பார்த்த இடம் அது. பாதிப் பேரையாவது வேறு வேலையில் வைத்திருக்க முடிந்திருக்கும். இதில் நானும் நீங்களும் ஒத்துப்போக மாட்டோம் தம்பி, பரவாயில்லை.

முத்துநகர்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அக்டோபரில் மகளைப் பார்க்க பர்மிங்ஹாம் வருகிறோம். என் மனைவி தையல் டீச்சர், அங்கி தைக்கும் அறையை அவருக்குக் காட்ட வேண்டும். வயதானவர்கள் ஏற முடியுமா? பக்கத்தில் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

கால்வாய்க்கரை:

கண்டிப்பாக வாருங்கள் ஐயா. ஆள் கூட வந்து விளக்குகிற சுற்றுதான் நல்லது, முன்பதிவு செய்துவிடுங்கள். நாட்களும் நேரமும் மாறும் என்பதால் அவர்கள் தளத்தில் பார்ப்பது உத்தமம். படி ஏறச் சிரமம் என்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் தையல் அறையில் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், கூட்டத்தோடு நகரச் சொல்வார்கள், பின்தங்கி நின்று சுருக்குகளைப் பார்க்கலாம்.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இரண்டு பழைய கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. கீ ஹில் 1836-ல் திறந்தது, வார்ஸ்டோன் லேன் 1848-ல். வார்ஸ்டோன் லேனில் பழைய மணற்குழியின் சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய கல்லறை அறைகளைப் பார்க்கத் தவறாதீர்கள். ஜோசப் சேம்பர்லினை அடக்கம் செய்தது கீ ஹில்லில். ஃப்ளீட் தெருவில் அவர் பெட்டிக்குச் சாமான் செய்த பட்டறையைப் பார்த்துவிட்டு நேராக அங்கே போகலாம். மழை இருக்கும், வழுக்காத செருப்பு போட்டு வாருங்கள். வரும் தேதி உறுதியானதும் தனிச்செய்தி அனுப்புங்கள், நானும் வருகிறேன்.

நாஞ்சில்மேரி:

முத்துநகர் அண்ணாச்சி, முடிந்தால் அந்த அங்கியின் கழுத்துச் சுருக்கை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள். தம்பி வீட்டில் இப்போது துணி வேலை நான்தான் பார்க்கிறேன். முதுகு திறந்து தைப்பது எங்களிடமும் உண்டு, ஆனால் ரிப்பனை எங்கே முடிகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.